தோட்டத்து இளைஞர் மன்றமும் அதை நடத்துவோரும்



மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்குப் போய் வந்தவர்கள் நம்மில் பலர். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல் என்று மலாக்காவின் நான்கு பக்கங்களிலிருந்தும் மக்கள் வந்து சேர்வார்கள். வழியோரத்தில் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். ஒரு பந்தலுக்குள் ஒரே நிறச் சட்டை போட்ட பத்துப் பதினைந்து பையன்களும் பெண்பிள்ளைகளும் நிற்பார்கள். ஒருவர் மோர் கலக்குவார், ஒருவர் குவளை நீட்டுவார், சின்னவன் ஒருவன் கீழே கிடக்கும் குவளைகளைப் பொறுக்குவான். பந்தலுக்கு மேலே ஏதாவது ஒரு தோட்டத்து மன்றத்தின் பெயர் எழுதிய துணி தொங்கும்.

மறு ஆண்டு அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தால் சில சமயம் அந்தத் துணியைக் காணோம். விசாரித்தால், "மன்றம் இப்ப இல்லீங்கண்ணே. தலைவருக்கு ஜொகூர்ல வேலை கிடைச்சிடுச்சு, போயிட்டாரு" என்று பதில் வரும்.

ஒருவருக்கு வேலை கிடைத்தது நல்ல செய்தி. அந்த நல்ல செய்தி ஒரு மன்றத்துக்கு எப்படிச் சாவோலை ஆனது? இன்றைய பேச்சில் நாம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். மன்றம் என்பது என்ன, அது எதற்காகத் தோன்றியது, அதை நடத்துகிறவர் உண்மையில் செய்ய வேண்டிய வேலை என்ன என்பவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

முதலில் நம் தோட்டங்களின் கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராகத் துணிந்து முதலில் நட்டது நம் மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் அளவில் ரப்பர்க் கன்றுகளை வைத்தார். பிறகு புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் நட்டார். அதைத் தொடர்ந்து காடு தோட்டமானது. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறினார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

அந்தத் தோட்டத்துக்குள் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். குடியிருக்க லயம். கைக்குழந்தைக்கு ஆயாக்கொட்டகை. பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டங்கள் கூறியதால், மாட்டுக் கொட்டகை போன்றதாயினும் ஒரு பள்ளிக்கூடம். சாமி கும்பிடக் கோயில். பெரியவர்களுக்குக் கள்ளுக்கடை. காலையில் எல்லாரையும் கூட்டிப் பேர் கூப்பிட பிரட்டுக் களம். பிறந்த குழந்தை முதல் கிழவர் வரை ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் இடம் இருந்தது. பள்ளி வயதென்று சட்டம் சொன்னது ஏழு முதல் பதினான்கு வரை. பதினான்கைத் தாண்டிய பிள்ளைக்கு மட்டும் தோட்டத்தில் இடம் எதுவும் இல்லை. ஆயாக்கொட்டகைக்குப் பெரியவன், பிரட்டுக்குச் சின்னவன். மாலையில் விளக்கெரிந்த ஒரே கட்டடம் கள்ளுக்கடை. பிள்ளை கெட்டுப்போனான் என்று ஏசுகிற நாம், அவன் போவதற்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்பதில்லை.

இளைஞர் மன்றம் என்பது அந்தப் பருவத்துக்காக நாமே கட்டிக்கொண்ட கதவு. துரை கட்டித் தந்ததன்று. கட்டிய விதமும் ஒரே மாதிரியாக இருக்கவில்லை.

சப்பானியர் போன கையோடு, 1946ஆம் ஆண்டு வாக்கில், கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்றோர் இயக்கம் எழுந்தது. முன்னின்றவர் பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி. படித்த வழக்கறிஞர் அல்லர், தோட்டத்து மனிதர். இளைஞர்களைச் சேர்த்து அணிநடை பழக்கினார்கள்; கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள்; குடித்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையை அடித்தவனைக் கூப்பிட்டு நியாயம் கேட்டார்கள். 1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பீடோங்கில் போலீசாருடன் மோதல் மூண்டது, உயிர்ச்சேதமும் கைதுகளும் நேர்ந்தன, படை கலைக்கப்பட்டது. அணிவகுப்பையும் தடியையும் நாம் இன்று போற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால்வெட்டப் போகிற பையன்கள் தங்கள் தோட்டத்தைத் தாங்களே திருத்தலாம் என்று முதன்முதலில் நினைத்த இடங்களுள் அது ஒன்று.

அடுத்து வந்தது வேறு வகை. அது தடி எடுக்கவில்லை, எழுதுகோல் எடுத்தது. சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' பத்திரிகையை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்களை நம் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். 1924இல் சிங்கப்பூர் வந்தவர், 1974இல் மறைந்தவர். தமிழர் திருநாள் என்று பொங்கலை 1952இல் பொது விழாவாக்கியவரும் அவரே. அந்த 1950களின் தொடக்கத்தில்தான் தம் பத்திரிகையில் பிள்ளைகளுக்கென்று 'மாணவர் மணிமன்ற மலர்' என்ற பகுதியை அவர் வெளியிட்டார். பிள்ளைகள் எழுதியது அச்சில் வந்தது. நினைத்துப் பாருங்கள். அப்பா பெயர் செக்ரோல் புத்தகத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்த காலம். மகன் பெயர் சிங்கப்பூர்ப் பத்திரிகையில், கவிதைக்குக் கீழே, தோட்டத்துப் பெயரோடு வருகிறது. அந்தத் தாளைக் கிழித்துச் சுவரில் ஒட்டாத வீடு உண்டா?

மலரைப் படித்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தேடினார்கள். ஊருக்கு ஊர் மணிமன்றங்கள் அமைந்தன. மாணவர்கள் வளர்ந்து இளைஞர்களானபோது மன்றமும் தமிழ் இளைஞர் மணிமன்றம் ஆயிற்று. பிற்காலத்தில் நாடு தழுவிய பேரவையும் உண்டாயிற்று. இந்த நாட்டில் தமிழில் எழுதியவர்கள், ஆசிரியர்களானவர்கள், மேடையேறியவர்கள் என்று ஒரு தலைமுறையைக் கேட்டுப் பார்த்தால், "நான் மணிமன்றத்துப் பிள்ளை" என்பவர்கள் பலர் இருப்பார்கள். அங்கே பேசப் பழகினார்கள் என்பது ஒரு பக்கம். கூட்டக்குறிப்பு எழுதவும், மற்றவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருக்கவும் பழகினார்கள் என்பது நம் கண்ணுக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

மலாய்க் கம்பங்களிலும் இதே காலத்தை ஒட்டி இளைஞர் இயக்கங்கள் வளர்ந்தன. 1960களில் தோன்றிய 4பி இயக்கம் அமெரிக்கக் கிராமங்களின் 4-எச் மன்றங்களைப் பார்த்து அமைந்தது. அமெரிக்க மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு சோளப் பாத்தியோ ஒரு கன்றுக்குட்டியோ பொறுப்பாகக் கொடுப்பார்கள். விதைக்கு என்ன செலவு, தீனிக்கு என்ன செலவு, விற்றதில் என்ன வந்தது என்று அந்தப் பிள்ளையே நோட்டில் எழுதி வர வேண்டும். முடிவில் சோளத்தின் பருமனோடு அந்த நோட்டையும் பார்ப்பார்கள். இந்த நோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி, தோட்டமே ஆட்டங்கண்ட காலம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். உங்கு அஸிஸ் அவர்கள் அந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. அப்புறம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் கேட்டார்கள். மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் போனார்கள். 1957இல் இந்த நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்று முப்பது அளவில் இருக்கின்றன. மலாக்காவில் 21. பள்ளி மூடினால் கணக்கில் வரும். தோட்டம் கலைந்தபோது எத்தனை மன்றங்கள் கலைந்தன என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை.

லயத்தில் வாழ்ந்த காலத்தில் ஒரு வசதி இருந்தது. பையன் எங்கே போனாலும் யாராவது ஒரு மாமா, ஒரு சித்தி பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலிவு விலை அடுக்குமாடிக்குப் போன பிறகு அந்தக் கண்கள் இல்லை. அப்பாவுக்குக் காவலாளி வேலை, இரவு முறை. அம்மாவுக்குத் தொழிற்சாலை, பகல் முறை. பையன் படிவம் மூன்றில் பள்ளியை வெறுக்கிறான். அவனை "வாடா தம்பி" என்று தோளில் கைபோட்டுக் கூப்பிட ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். மன்றத் தலைவர் கூப்பிடாவிட்டால் வேறொரு கூட்டத்துத் தலைவர் கூப்பிடுகிறார். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. இதற்கு மேல் நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளை வைத்திருப்போருக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் புதிய வகை அமைப்புகள் தோன்றின. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளராக இருந்த டாக்டர் தம்பிராஜா அவர்களின் முயற்சியால் ஸ்ரீ முருகன் நிலையம் அமைந்தது. அதன் உபாயம் எளிது, ஆனால் ஆழமானது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளையே வார இறுதியில் ஆசிரியர்களாக்கி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் செய்தார்கள். பாடம் மட்டுமன்றி, வழிபாடும் உறுதிமொழியும், பத்துமலைக்குக் கல்வி யாத்திரையும் சேர்ந்திருந்தன. தோட்டத்துப் பிள்ளையின் எதிரே நிற்பவர் வயதான வாத்தியார் அல்லர். நான்கைந்து வயதே மூத்த அண்ணன், அக்கா. அவரும் ஒரு லயத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். அந்தப் பார்வையே பாதிப் பாடம்.

பரீட்சையில் தேறக்கூடிய பிள்ளைக்கு அது சரி. பள்ளியை விட்டே ஓடிவிட்ட பிள்ளைக்கு? 2011இல் வழக்கறிஞர் பசுபதி அவர்களும் நண்பர்களும் மைஸ்கில்ஸ் அறவாரியத்தைத் தொடங்கினார்கள். உலு சிலாங்கூரில் களும்பாங்கில் அதன் பயிற்சி வளாகம் இருக்கிறது. படிப்பை இடையில் நிறுத்தியவர்கள், வழி தவறும் நிலையில் இருப்பவர்கள் அங்கே தங்கி, மின்சாரம், குளிர்சாதனம், சமையல் போன்ற கைத்தொழில்களைப் படிக்கிறார்கள். தொழிலைவிட முன்னதாக அங்கே சொல்லித்தர வேண்டியிருப்பது காலையில் எழுவது, கோபத்தை அடக்குவது, ஒருவர் கண்ணைப் பார்த்துப் பேசுவது போன்றவை. நாம் வீட்டில் தானாக வரும் என்று நினைக்கிற காரியங்கள் இவை. தானாக வருவதில்லை.

இவையெல்லாம் பெரிய அமைப்புகள். நம் தோட்டத்தில், நம் தாமானில் இருபது முப்பது பிள்ளைகளை வைத்து நடக்கும் மன்றத்துக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். களும்பாங்கில் ஓர் இடம் இருக்கிறது என்பது ஜாசின் பக்கத்துத் தாய்க்குத் தெரியாது. அவரிடம் அதைச் சொல்லி, பையனைச் சமாதானப்படுத்தி, பேருந்தில் ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மன்றத் தலைவர்.

தலைவர் என்றதும் நமக்கு மாலையும் மைக்கும் நினைவுக்கு வருகின்றன. அவருடைய உண்மையான வேலை தேதிகளை நினைவில் வைத்திருப்பது என்றால் சிரிப்பீர்கள். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். 12 வயதில் அடையாள அட்டைக்கு மனுச் செய்ய வேண்டும். 18 வயதில் அதைப் புதுப்பிக்க வேண்டும். நம் தோட்டங்களில் பிறப்புப் பத்திரம் இல்லாமலும், பத்திரத்தில் பெயர் தவறாக இருந்தும், பெற்றோர் திருமணம் பதியப்படாமலும் எத்தனை பிள்ளைகள் பரீட்சை வாசலில் தவித்திருக்கிறார்கள்! பதினேழு வயதில் இதைக் கண்டுபிடித்தால் பல ஆண்டு அலைச்சல். பத்து வயதில் கண்டுபிடித்தால் வேலை எளிது. பிள்ளை மன்றத்தில் சேரும் நாளன்றே பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் செயலாளர் ஒருவர் இருந்தால், அவர் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவி நூறு பேச்சுப் போட்டிக்குச் சமம்.

படிப்பும் அப்படியே. மெர்லிமாவில் பாலிடெக்னிக் இருக்கிறது. ஜாசினிலும் செலண்டாரிலும் மஸ்ஜித் தானாவிலும் சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. பிள்ளை தினமும் மோட்டார் சைக்கிளில் அந்த வழியாகத்தான் போகிறான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. மனு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, எஸ்.பி.எம்.மில் எத்தனை பாடம் தேறியிருக்க வேண்டும் என்பவற்றை ஆண்டுதோறும் கேட்டறிந்து, மன்றத்துப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுவது யார் வேலை? அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. விடாப்பிடி இருந்தால் போதும்.

இனி, மன்றத்தின் சட்ட நிலை பற்றிச் சிறிது. இது கொஞ்சம் வறட்சியான பகுதி, ஆயினும் காதைக் கொடுங்கள். 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அமைக்கும் சங்கம் பதிவாக வேண்டும். ஆண்டுக்கூட்டம் நடத்திய 60 நாளுக்குள் செயலவைப் பட்டியலையும் கணக்கையும் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இளைஞர்களுக்கென்றே நடத்தும் அமைப்புகளுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக உண்டு. அவற்றுக்குப் பதிவதிகாரியும் தனி. அந்தச் சட்டம் இளைஞர் என்பவரை 15 வயது முதல் 40 வயதுக்குட்பட்டவர் என்று வகுத்தது. 2019இல் நாடாளுமன்றம் அந்த மேல் வரம்பை 30ஆகக் குறைக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது.

முப்பது என்றதும் நம் மன்றங்களில் முணுமுணுப்புக் கேட்டது. "அனுபவம் இல்லாத பையன்கள் கையில் கொடுத்தால் குட்டிச்சுவராகிவிடும்" என்று நாற்பதைத் தாண்டிய இளைஞர்கள் வருந்தினார்கள். வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முப்பது வயதில்தான் பலருக்கு வேலை நிலைத்து, மன்றத்துக்குப் பத்து வெள்ளி கொடுக்கக் கை வருகிறது. என்றாலும் அதே 2019இல்தான் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்பில் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பெண் நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். நம் மன்றத்திலோ அவளை ஆரத்தித் தட்டு ஏந்தவும் நாற்காலி அடுக்கவும் மட்டுமே கூப்பிடுகிறோம். இதை யோசிக்க வேண்டாமா?

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. "மன்றத்துக்குப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்" என்று தாய்மார் தயங்குகிறார்கள். அந்தப் பயத்தை ஏளனம் செய்து பயனில்லை. கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், யார் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள், கூட இருக்கும் பெரியவர் யார் என்று முன்கூட்டியே வீடு தேடிப் போய்ச் சொல்லும் மன்றத்துக்குப் பெண்கள் வருகிறார்கள். சொல்லாத மன்றத்துக்கு வருவதில்லை.

இப்போது அந்த நோட்டுக்கு வருவோம். இதில் எங்கள் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. எந்தத் தோட்டம் என்பதைக் கூற விரும்பவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நன்றாக இருக்கிறார்கள்.

எங்கள் மன்றத்தில் இருபத்தைந்து பேர் இருந்தோம். ஆளுக்கு மாதம் இரண்டு வெள்ளி சந்தா. மாதம் ஐம்பது வெள்ளி; ஒருவரும் தவறாமல் கொடுத்தால் ஆண்டுக்கு அறுநூறு. எங்களுக்கு அது பெரிய தொகை. பொருளாளர் நல்ல பையன், பீடி கூடத் தொடமாட்டான். பணத்தை ஒரு மைலோ டின்னில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தான். கணக்கு அவன் தலைக்குள் இருந்தது. ஒரு நாள் அவன் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாடகைக் காருக்கும் மற்றவற்றுக்கும் டின்னிலிருந்து எடுத்தான். சம்பளத்தில் திருப்பி வைத்தும்விட்டான். வைத்தானா இல்லையா என்று கேட்டால், வைத்தான் என்றுதான் நாங்கள் இன்றும் நம்புகிறோம். ஆனால் தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்காக டின்னைத் திறந்து எண்ணியபோது 183 வெள்ளி குறைவாக இருந்தது. சிலர் சந்தா கொடுக்காததால் குறைந்ததா, திரும்ப வைத்ததில் குறைந்ததா, முன்னே வாங்கிய பந்துக்குக் கொடுத்ததை மறந்தோமா? சொல்ல ஒரு காகிதம் கிடையாது.

யாரோ ஒருவர் "திருடன்" என்ற சொல்லை வாயிலிருந்து விட்டுவிட்டார். அந்தக் குடும்பம் அடுத்த ஆண்டே வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டு வீட்டார் பல ஆண்டுகள் முகம் பார்க்கவில்லை. பூப்பந்து மட்டைகள் ஒரு வீட்டிலும் கேரம் பலகை இன்னொரு வீட்டிலும் தங்கிவிட்டன. மன்றம் முடிந்தது. யாரும் திருடவில்லை, நேயர்களே. நோட்டு இல்லை, அவ்வளவே. நோட்டு கேட்பது அவனை நம்பாததுபோல் ஆகிவிடும் என்று நாங்கள் கூச்சப்பட்டோம். நோட்டுதான் அவனைக் காப்பாற்றியிருக்கும்.

ஆகவே மன்றக் கணக்கைப் பற்றிச் சில வார்த்தைகள். பணத்தை வங்கியில் மன்றத்தின் பெயரில் போட வேண்டும். எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும். அந்த இருவரும் ஒரே வீட்டாராக இருத்தல் கூடாது. இரண்டு வெள்ளி வாங்கினாலும் ரசீது கொடுக்க வேண்டும். மாதக் கூட்டத்தில் கணக்கை வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிப்பவர் பொருளாளராக இல்லாமல், கடைக்குட்டி உறுப்பினராக இருந்தால் இன்னும் நல்லது. பதினைந்து வயதுப் பையன் எழுந்து நின்று, "மோர் வகைக்கு இவ்வளவு, குவளைக்கு இவ்வளவு, மீதம் இவ்வளவு" என்று படித்து, பெரியவர் ஒருவர் "குவளைக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டு, அவன் ரசீதைக் காட்டிப் பதில் சொல்லும் அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, மன்றம் நடத்தும் பயிற்சி அங்கேதான் நடக்கிறது.

உதவி தருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்காரர் நூறு வெள்ளி தருவார், அரசியல் பிரமுகர் நாற்காலி வாங்கித் தருவார். வாங்கிக்கொள்ளலாம், நன்றி சொல்லலாம். ஆனால் மன்றத்தின் அன்றாடச் செலவு உறுப்பினர் சந்தாவில் அடங்குவதாக இருக்கட்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைந்தபோது, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் தமிழ் நூலகத்துக்கு நிதி திரட்டினார்கள். தோட்டத்துத் தொழிலாளி தந்த ஒற்றை வெள்ளி அதில் சேர்ந்தது. அந்த வெள்ளியைக் கொடுத்தவர் பல்கலைக்கழக வாசலை மிதித்திராதவர். இருந்தும் "அந்த நூலகத்தில் என் புத்தகம் ஒன்று இருக்கிறது" என்று பேசுவார். கொடுத்தவருக்கு உரிமை வரும். உரிமை வந்தவர் கேள்வி கேட்பார். கேள்வி கேட்கும் இடம் சீக்கிரம் கெடாது.

இனி நாம் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். தலைவர் ஜொகூருக்குப் போனால் மன்றம் ஏன் சாகிறது? மன்றத்தின் எல்லாக் காரியமும் அவரோடு போய்விடுகிறது என்பதுதான் காரணம். பதிவுப் பத்திரம் அவர் வீட்டு அலமாரியில், வங்கிப் புத்தகம் அவர் பெட்டியில், பயிற்சிக் கூடத்து அதிகாரியின் தொலைபேசி எண் அவர் கைப்பேசியில். பொருளறையின் சாவி அவர் இடுப்பில். அவர் கெட்ட மனிதரும் அல்லர். "நானே செய்துவிடுகிறேன், பசங்களுக்குத் தெரியாது" என்று எல்லாவற்றையும் சுமந்த நல்லவர். பத்து ஆண்டுகள் உழைத்தார். பத்து ஆண்டுகளில் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு பதிவிலாகாவுக்குப் போகவில்லை.

நம் இளைஞர்கள் போகத்தான் போகிறார்கள். ஆயர் குரோவுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போவார்கள். பெண்பிள்ளைகள் கல்யாணமாகிப் போவார்கள். பிள்ளை முன்னேற வேண்டும் என்று மன்றம் வைத்துவிட்டு, முன்னேறியவன் ஊரைவிட்டுப் போனான் என்று குறைப்படுவது முறையா? ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர் என்று வைத்துக்கொள்வது நல்லது: ஒருவர் செய்பவர், ஒருவர் பழகுபவர். செயலாளர் கடிதம் எழுதும்போது துணைச் செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுமுறை அவர் எழுத, இவர் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் கடிதத்தில் பிழை இருக்கும். இருக்கட்டும். அதிகாரி திருப்பி அனுப்புவார், மறுபடி எழுதுவார்கள்.

மூத்தவர்கள் எங்கே போவது? ஆலோசகர் என்றொரு நாற்காலி இருக்கிறது. அதில் உட்கார்வது தலைவர் நாற்காலியைவிடக் கடினம். கேட்டால் மட்டுமே பேச வேண்டும். தம்பி தவறு செய்யப் போகிறான் என்று தெரிந்தும், சின்னத் தவறு என்றால் விட்டுப் பார்க்க வேண்டும். பெரிய தவறு என்றால் மட்டும், தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கூட்டத்தின் நடுவே சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு அவன் வரமாட்டான்.

அலோர் காஜா பக்கத்தில் நமக்குத் தெரிந்த மன்றம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் செயலாளர் மாறினார். போகிறவர் இருபத்து மூன்று வயதுப் பெண்; திருமணமாகிக் கிள்ளானுக்குப் போகவிருந்தார். வருகிறவன் பத்தொன்பது வயதுப் பையன். கோயில் மண்டபத்தின் ஓரத்தில் பாய் விரித்து, எல்லாரையும் சுற்றி உட்காரவைத்து, பொருளறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அந்தப் பெண் பட்டியல் வாசித்தார். பதிவுப் பத்திரம் ஒன்று. கூட்டக்குறிப்பு நோட்டு மூன்று. ரசீதுப் புத்தகம் இரண்டு, அவற்றில் ஒன்று பாதி தீர்ந்தது. உறுப்பினர்களின் பிறப்புப் பத்திர நகல் கோப்பு ஒன்று. அதில் இரண்டு பிள்ளைகளுடையது இன்னும் வரவில்லை, அவர்கள் வீட்டுக்கு மறுபடி போய்க் கேட்க வேண்டும். கேரம் பலகை ஒன்று. காய்கள் பதினெட்டு, சிவப்பைக் காணோம். பையன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டான். பிறகு சாவியைக் கேட்டான். அந்தப் பெண் இரண்டு சாவிகளை எடுத்து, ஒன்றை அவனிடமும் மற்றொன்றைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினாறு வயதுத் தங்கையிடமும் கொடுத்தார்.